தாய்க்கரடி வேலை

மார்ச் 9

வேலையில் சேர்ந்தாகிவிட்டது. என்ன வேலை என்று பூங்கொடி போனில் கேட்டாள். சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டேன். நியமன உத்தரவில் ‘தாய்க்கரடி, தற்காலிகம்’ என்று போட்டிருக்கிறது. இதைக் கட்டிய பெண்டாட்டியிடம் எப்படி வாசித்துக் காட்டுவது?

ஒன்பது வருஷம் கோபியில் ஜவுளிக்கடை வாசலில் கரடி வேஷம் போட்டு நின்றவன் நான். வருகிறவர்களுக்கு வணக்கம், போகிறவர்களுக்கு டாட்டா, அழுகிற குழந்தைக்கு மிட்டாய். போன மாதம் கடையில் காற்றடைத்த பொம்மை ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டார்கள். அது நாள் முழுக்கக் கையை ஆட்டுகிறது, டீ கேட்பதில்லை. முதலாளி என்னை அனுப்பும்போது, “வேஷத்த நீயே வச்சுக்கோ நஞ்சப்பா, வேற யாருக்கும் பத்தாது” என்றார். பெரிய மனசு.

அன்றைக்குத்தான் ஊசிப்பாறை விலங்குக் காப்பகத்து டாக்டர் எஸ்தர் குட்டிகளுக்குப் போர்வை வாங்கக் கடைக்கு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நாலு கால்ல நடக்க வருமா?” என்று கேட்டார். வரும் என்றேன். வேலையில்லாதவனிடம் எதைக் கேட்டாலும் வரும் என்றுதான் சொல்வான்.

காப்பகம், தேசியப் பூங்காவின் எல்லையை ஒட்டி இருக்கிறது. முன்பு மக்காச்சோளம் போட்டிருந்த நிலத்தை வாங்கி, ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கிறார்கள், தானாகக் காடாகட்டும் என்று. ஒன்றும் செய்யாமல் விடுவதற்கு இத்தனை பேர் காலையிலிருந்து வேலை செய்ய வேண்டும் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிகிறது. உண்ணிச்செடி பிடுங்க ஆள், வேலி பார்க்க ஆள், தாயில்லாத காட்டெருமைக் கன்றுக்குப் பால் கொடுக்க ஆள். இப்போது ஒரு கரடிக்குட்டி வந்திருக்கிறது. அதன் தாய், தடுப்புச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்து செத்துப்போனது. குட்டி மூன்று நாள் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்ததாம்.

குட்டி மனுஷ முகத்தைப் பார்க்கக்கூடாது, மனுஷக் குரலைக் கேட்கக்கூடாது, அதற்குப் பெயர் வைக்கக்கூடாது. “மனுஷங்ககிட்ட பயமில்லாத கரடி ஊருக்குள்ள வரும். வந்தா அடிச்சே கொன்னுடுவாங்க. அதனால பழகிட்டா காட்டுக்கு விட மாட்டாங்க, ஆயுசுக்கும் கூண்டுதான்” என்றார் டாக்டரம்மா. எனக்கு என்ன வந்தது? சம்பளம் வந்தால் சரி.

மார்ச் 10

வேஷத்துக்குக் கறுப்புச் சாயம் போட்டு, நெஞ்சில் வெள்ளைத் துணியில் வளைவு தைத்து, செத்துப்போன தாயின் குகை மண்ணையும் சாணத்தையும் பூசியிருக்கிறார்கள். முதுகில் ‘ஆடித் தள்ளுபடி’ என்ற எழுத்து சாயத்தையும் மீறித் தெரிகிறது. கரடிக்குப் படிக்கத் தெரியாது, பரவாயில்லை என்றார் டாக்டரம்மா.

தவழ்ந்து கூண்டுக்குள் போனேன். மூலையில் கிடந்தது. சின்னச் சாக்குமூட்டை அளவுதான் இருக்கும். என்னை மோந்தது. சுற்றி வந்து மறுபடி மோந்தது. அப்புறம் சட்டென்று முதுகில் ஏறி, பிடரி மயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் புதைத்துக்கொண்டது. கரடிக்குட்டிகள் தாய் முதுகில்தான் பயணம் செய்யுமாம். இதை வேலைக்குச் சேரும்போது யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் வரை இறங்கவில்லை. நானும் அசையவில்லை. இடுப்பு போய்விட்டது.

மார்ச் 22

முட்டி தேய்ந்துவிட்டது. இரண்டு முட்டியும்.

ஏப்ரல் 18

இன்று கரையான் பாடம். தாய்க்கரடி புற்றைக் கிளறி, வாயைக் குவித்து, கரையானை ‘சுர்ர்’ரென்று உறிஞ்சும். அதைப் பார்த்துக் குட்டி கற்றுக்கொள்ளும். வேஷத்தின் வாய்க்குள் ஒரு ரப்பர் குழாயை வைத்துக் கொடுத்திருக்கிறார் டாக்டரம்மா. நான் வெள்ளிக்கிழமை சைவம் என்று சொல்லிப் பார்த்தேன். சமையல்கார தெய்வானையக்கா தீர்ப்புச் சொன்னார்: “அது மண்ணையும் மரத்தையும் திங்கிற பூச்சியப்பா. சைவந்தேன். கண்ண மூடிட்டு இழு.”

இழுத்தேன். அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

ஆனால் குட்டி உறிஞ்சவே இல்லை. புற்றின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டதுபோல உட்கார்ந்துவிட்டது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. தெய்வானையக்கா வெள்ளிக்கிழமைதோறும் விடியற்காலையில் அதே புற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பால் ஊற்றி, முட்டை வைத்துவிட்டுப் போகிறார். புற்று என்றால் பாலும் முட்டையும் தானாக வருகிற இடம் என்று குட்டி முடிவு கட்டிவிட்டது. டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“நாகத்தாளுக்கு வேண்டுதல் வச்சிருக்குறேனுங்க, பாதியில நிறுத்தப்படாதுங்க” என்றார் அக்கா.

கடைசியில் நாகத்தாளை வேலிக்கு வெளியே இருக்கிற புற்றுக்கு மாற்றிக்கொள்வதாகச் சமாதானம் ஆனது. குட்டி மூக்கில் குங்குமத்தோடு முதுகில் ஏறி வீடு திரும்பியது. வீடு என்றால் கூண்டு.

மே 5

சுர்ர்ர்! குட்டி இன்று தானாக உறிஞ்சியது. சத்தம் அரை ஃபர்லாங் கேட்டதாம். என்னைவிட நன்றாக உறிஞ்சுகிறது. பூங்கொடிக்குப் போன் போட்டு, இங்கே ஒரு நல்ல செய்தி என்றேன். “சம்பளம் ஏத்திட்டாங்களா?” என்று கேட்டாள்.

ஜூன் 11

டாக்டரம்மா முகத்தை மூடிக்கொண்டு கூண்டுப் பக்கம் வந்தபோது குட்டி பின்னங்காலில் எழுந்து நின்று இரண்டு கையையும் சேர்த்தது. பூச்சியைப் பிடிக்கிறது போலிருக்கிறது. டாக்டரம்மா பார்க்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

ஜூலை 2

மானம் போய்விட்டது.

பூங்காவின் வன அலுவலரும், வல்லுநர் குழுத் தலைவரும் குட்டியைப் பார்வையிட வந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். பைனாகுலரைச் சாப்பிடும்போதுகூடக் கழுத்திலிருந்து கழற்றாதவர். எல்லோரும் ஓலைத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்கள். குட்டியை முதுகில் வைத்து நான் புற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. அலுவலர் தும்மினார்.

குட்டி இறங்கியது. தட்டியை நோக்கி நடந்தது. எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பி, தலையைச் சாய்த்து, அருமையாக ஒரு வணக்கம் போட்டது. அலுவலரும் பழக்கதோஷத்தில் பதில் வணக்கம் போட்டார். குட்டி டாட்டா காட்டியது. அவரும் காட்டினார். இதில் ஏதோ சரியில்லை என்று அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது.

போகும்போது பேராசிரியர் சொல்லிவிட்டார். ஜனவரியில் மறுபடி வருவோம், அப்போதும் இப்படியென்றால் மிருகக்காட்சிசாலைக்கு எழுதிவிடுவோம். “அங்க நல்லா வச்சுப்பாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டம் வரும், வணக்கம் போட்டா ஜனங்களுக்கும் பிடிக்கும்” என்றார்.

அவர்கள் போனதும் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

“நஞ்சப்பன், இது எங்க கத்துக்கிச்சு?”

“தெரியலீங்க.”

“நான் உள்ள வரும்போதெல்லாம் நீங்க என்ன பண்றீங்க?”

யோசித்துப் பார்த்தேன். ஒன்பது வருஷம். வேஷத்துக்குள் இருக்கும்போது யார் வந்தாலும் கை தானாகக் கூடிவிடுகிறது. அவருக்கு, தெய்வானையக்காவுக்கு, வேலிக்கு வெளியே போகிற தண்ணீர் லாரிக்காரருக்கு, எல்லோருக்கும் போட்டிருக்கிறேன். அது முதுகில் உட்கார்ந்து தோள் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆயுசுக்கும் ஜவுளிக்கடை வாசல். என்னால்.

ஜூலை 4

வேஷத்தின் இரண்டு கைக்குள்ளும் மணல் நிரப்பித் தைத்துவிட்டார் டாக்டரம்மா. இனிக் கையைத் தூக்கவே முடியாது. மூக்கு அரித்தால் மரத்தில் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். தேய்த்தேன். குட்டியும் பக்கத்து மரத்தில் தேய்த்தது. இது மட்டும் சரியான கரடிப் பழக்கம் என்று பாராட்டு கிடைத்தது.

ஆகஸ்ட் 8

மறைத்து வைத்தது போதும் என்று இப்போது தினமும் பயப் பயிற்சி. மனுஷர் யார் வந்தாலும் சத்தம் போட்டு விரட்ட வேண்டும், தாய் பயந்து ஓட வேண்டும், குட்டி பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். விரட்டுகிற பொறுப்பு தெய்வானையக்காவுக்கு. எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, “போ! ஓடு! இந்தப் பக்கம் வந்தீன்னா கால ஒடைச்சுப்போடுவேன்!” என்று வருவார். வாடிக்கையாளரைக் கண்டு ஓடுவது எனக்குப் புது அனுபவம். முதல் நாள் குட்டி அவருக்கு வணக்கம் போட்டது. அக்கா தட்டைக் கீழே போட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்.

“கூழு காச்சறதும் நானு, வெரட்டறதும் நானு. எந்த ஊரு நாயமப்பா இது?” என்று இன்று சமையலறையில் ஒரே அழுகை. ஆனாலும் மத்தியானம் வந்து வாங்கு வாங்கென்று வாங்கினார். குட்டி நடுங்கிப்போய் முதுகில் தாவியது. வணக்கம் இல்லை. நாங்கள் இருவரும் புதருக்குள் வெகுநேரம் பம்மிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் இருவரும் என்று எழுதியிருக்கிறேன். நானும் குட்டியும் என்று இருக்க வேண்டும். இருக்கட்டும்.

அக்டோபர் 20

தீபாவளிக்கு நான்கு நாள் லீவு. ஒரு நாளில் திரும்பிவிட்டேன்.

வீட்டில் எதுவும் சரியாக இல்லை. இட்லியை மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறேனாம். “ஏம்ப்பா, நீ நாய்க்குட்டியாட்டப் பண்றே?” என்று கனிஷ்கா சிரிக்கிறாள். ஆறாவது படிக்கிற பெண்ணுக்குக் கரடிக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. நிலைப்படியில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்ததை மாமனார் பார்த்துவிட்டுக் கையில் வைத்திருந்த பலகாரத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் தெருவில் சரவெடி ஆரம்பித்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. காப்பகத்துக்குக் கீழே இருக்கிற ஊரிலும் வெடிப்பார்களே. கூண்டு மூலையில் ஒற்றையாக உட்கார்ந்திருக்குமே. கிளம்பிவிட்டேன்.

“ஏனுங்க, சூப்பர்வைசர் இல்லாட்டி அங்க வெடி வெடிக்காதுங்களா?” என்றாள் பூங்கொடி.

காப்பகத்தில் வேலை அதிகம் என்றேன்.

நவம்பர் 12

குட்டி என்று எழுதுகிறேன். இப்போது அது ஒரு உரமூட்டை கனம். முன்னங்கால் என் தோளில் இருந்தால் பின்னங்கால் தரையில் இழுபடுகிறது. காட்டில் ஒன்பது மாதத்துக்குள் தாய் குட்டியை இறக்கிவிட்டுவிடும், நீங்கள் இறக்கிவிடவில்லையா என்று டாக்டரம்மா கேட்டார். தைலம் கொடுத்தார். நாளையிலிருந்து இறக்கிவிட வேண்டும்.

நவம்பர் 13

நாளையிலிருந்து.

நவம்பர் 29

தைலம் தீர்ந்துவிட்டது. இன்னொரு பாட்டில் கேட்டால் காரணம் கேட்பார். கோபியிலிருந்து வாங்கி அனுப்பச் சொல்லி பூங்கொடியிடம் சொன்னேன். “சூப்பர்வைசருக்கு முதுகு எதுக்குங்க வலிக்குது?” என்று கேட்டாள். நாற்காலி சரியில்லை என்றேன்.

ஜனவரி 18

குழு வந்தது. இந்த முறை ஒளியவில்லை. பேராசிரியரும் அலுவலரும் நேராக எதிரில் வந்து நின்றார்கள். குட்டி ஒரு கணம் பார்த்தது.  அடுத்த கணம் அலறிக்கொண்டு என் முதுகில் பாய்ந்தது. அந்தக் கனத்தோடு நான்கு காலில் ஓடினேன் பாருங்கள், ஜென்மத்தில் அப்படி ஓடியதில்லை. உண்ணிப்புதருக்குள் இருவரும் உருண்டோம். பேராசிரியர் கைதட்டினார்.

அப்புறம் கூட்டம். வேஷத்தின் தலையை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். கை தூக்க முடியாததால் டீயை வன அலுவலரே ஊட்டிவிட்டார். தங்கமான மனுஷர்.

“குட்டி தேறிடுச்சு. பிரச்சினை தாய்தான்” என்றார் பேராசிரியர். “காட்டுல விட்டா தாயைத் தேடி எல்லைக்கு வரும். எல்லைக்கு வந்தா ஊருக்குள்ள வரும்.”

அலுவலர் யோசித்தார். “அப்ப தாயையும் சேர்த்து விட்டுட்டா?”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் வெகுநேரம் பேசினார்கள். கணக்கெடுப்பில் எந்த இனத்தில் சேர்ப்பது, ஆணாக இருக்கிற தாயைத் தாய் என்று எழுதலாமா, புலி பிடித்தால் அது இயற்கையான சாவா, பணியிடத்துச் சாவா. வனத்துக்குத் தகுதியா என்று என் பல்லைக்கூட ஒருமுறை பார்த்தார் பேராசிரியர்.

“மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போய்வர முடியுங்களா?” என்று கேட்டேன். “மழைக்குத் தார்ப்பாய் குடுப்பீங்களா?”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா மட்டும் குனிந்துகொண்டார். நான் சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

கூட்டம் முடிந்து டாக்டரம்மா என்னோடு கூண்டு வரைக்கும் நடந்து வந்தார்.

“உலகத்துல அது பயப்படாத ஒரே மனுஷன் நீங்கதான், நஞ்சப்பன்.”

“நான் மனுஷன்னு அதுக்குத் தெரியாதுங்களே.”

“அதான். தெரியணும். காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய், தலையைக் கழற்றி, நீங்களே விரட்டணும். அப்பத்தான் அது மனுஷங்க பக்கமே திரும்பாது. உயிரோட இருக்கும்.”

“வேற ஆள் பண்ணப்படாதுங்களா?”

“வேற யாரு விரட்டினாலும் அது உங்ககிட்டத்தான் ஓடி வரும்.”

பிப்ரவரி 2

இன்று போவதாக இருந்தது. எனக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டரில் ஒன்றும் காட்டவில்லை என்கிறார் டாக்டரம்மா. மாட்டுத் தெர்மாமீட்டர், அதற்கு மனுஷக் காய்ச்சல் எப்படித் தெரியும்?

பிப்ரவரி 5

வயிற்றுவலி.

பிப்ரவரி 8

காட்டில் இலந்தை பழுத்துக் கிடக்கிறது, இதைவிட்டால் நல்ல சமயம் கிடைக்காது, அனுமதியும் இந்த மாதத்தோடு முடிகிறது என்றார் டாக்டரம்மா. அதட்டவில்லை. அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தெய்வானையக்கா ஒரு குண்டா நிறையக் கூழ் காய்ச்சி வைத்துவிட்டுப் போனார். குட்டி முழுக்கத் தின்றது. அதற்கு என்ன தெரியும்?

பிப்ரவரி 11

விட்டாகிவிட்டது.

விடிந்ததும் கிளம்பினோம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஓடையைத் தாண்டி நான் முன்னால் தவழ, குட்டி பின்னாலேயே வந்தது. கொஞ்ச தூரம் முதுகில் ஏறியது. ஏற்றிக்கொண்டேன். கடைசி நாள், யார் கேட்கப் போகிறார்கள்? டாக்டரம்மா மேட்டில் ஒரு பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

இலந்தைப் புதர் பக்கத்தில் அதை இறக்கினேன். தின்னத் தொடங்கியது. நான் எழுந்து நின்று, முன்பே தளர்த்தி வைத்திருந்த தையலைப் பிரித்துக் கையை வெளியே எடுத்து, தலையைக் கழற்றினேன். காற்று ஜில்லென்று முகத்தில் பட்டது.

குட்டி நிமிர்ந்து பார்த்தது. பின்வாங்கியது. இனி ஓடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. மெல்ல வந்து என் முட்டியை மோந்தது. முகம்தான் வேறு, வாசனை அதுதானே. என் தொடையில் மூக்கைத் தேய்த்துவிட்டு மறுபடி இலந்தைக்குப் போய்விட்டது. அதற்கு இந்த முகமும் சம்மதம்தான் போலிருக்கிறது. என்ன செய்வேன் நான்?

வேஷத்துக்குள் செருகிக்கொண்டு வந்த அக்காவின் தட்டையும் கரண்டியையும் எடுத்து ஓங்கி அடித்தேன். இலந்தை தின்றுகொண்டிருந்த குட்டி அலறிக்கொண்டு ஓடிவந்து என் கால்களுக்கு நடுவில் புகுந்துகொண்டது. அடித்தவன் நானே என்பது அதற்குத் தெரியவில்லை. நடுங்கியது. முதுகில் ஏற இடம் தேடியது. தட்டைக் கீழே போட்டேன். டாக்டரம்மா மேட்டிலிருந்து வாயைக் காட்டி, கத்துங்கள் கத்துங்கள் என்று சைகை செய்தார்.

இத்தனை மாதமாக அதன் முன்னால் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்ன சொல்லிக் கத்துவது? திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். நன்றாகத் திட்டத் தெரிந்தவன்தான் நான், கடையில் காவல்காரனைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கெட்ட வார்த்தையும் வரவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதைப் பார்த்து எப்படி வரும்? அப்போதுதான் தோன்றியது. அதற்கு அர்த்தமா தெரியும்? சத்தம்தானே.

“கண்ணு!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சுருக்கென்று துள்ளி விலகியது. என் வாயையே பார்த்தது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அதற்குப் புரிந்துவிட்டது. அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

“தங்கம்! என்ர சாமி! போ!”

ஓடியது. கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தது. நான் கல்லைப் பொறுக்கி அதன் பக்கத்தில் விழும்படி வீசினேன். காலைத் தரையில் உதைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ராசா, செல்லம், பவுனு, என்ர உசுரு என்று, கனிஷ்காவைத் தூளியில் போட்டு ஆட்டியபோது சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் கத்தினேன். ஒவ்வொன்றுக்கும் இன்னும் வேகமாக ஓடியது. கண்ணீரில் வழி தெரியாமல் நான் இரண்டுமுறை விழுந்தேன். அது திரும்பவில்லை.

சரிவில் இறங்கும்போது அதன் முன்னால் ஒரு பள்ளம் தெரிந்தது. மழைத்தண்ணீர் அரித்தது, ஆழமாக இருந்தது. அதன் அம்மா விழுந்த கிணறுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

“பாத்துப் போ கண்ணு, பள்ளம்!” என்று கத்தினேன்.

அதற்கும் பயந்துதான் ஒரே தாவலாகத் தாவி அந்தப் பக்கம் ஓடியது.